ஐந்து வரிசைப் பலகையும் ஆறு வரிசை மாதமும்

நீச்சல் வகுப்பு முடிந்து மகன் நாற்பது நிமிடம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரர் கூட்டி வருவார் என்று நான் இருந்தேன், நான் போயிருப்பேன் என்று அவர் இருந்தார். யார் எப்போது எங்கே போகவேண்டும் என்று வீட்டில் எல்லோரும் பார்க்க எழுதி மாட்டும் இந்த நாட்காட்டிப் பலகைச் செட்டை அன்றைக்கு ராத்திரியே ஆர்டர் செய்துவிட்டேன். கோபத்தில் வாங்கிய பொருள். விவரங்களை ஒழுங்காகப் படிக்கவில்லை, அதற்கான பலனைப் பிறகு அனுபவித்தேன்.

பெட்டிக்குள் இருந்தது இவ்வளவுதான்: மாதக் கட்டம் அச்சிட்ட ஏ3 அளவுக் காந்தப் பலகை, காகிதங்கள் போட்டுவைக்க ஒரு பை, சாவி மாட்டக் கொக்கிகள், வட்டக் காந்தங்கள் ஆறு, மார்க்கர் இரண்டு. ஃபிரிட்ஜிலும் ஒட்டலாம், டேப் போட்டுச் சுவரிலும் ஒட்டலாம் என்று போட்டிருந்தார்கள்.

முதலில் ஃபிரிட்ஜ். கதவில் வைத்துக் கையை எடுத்தேன், பலகை சறுக்கிக்கொண்டு காலடியில் வந்து நின்றது. எங்கள் ஃபிரிட்ஜ் கதவு பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டீல் என்றால் காந்தம் ஒட்டும் என்று நினைத்திருந்தேன். எல்லா ஸ்டீலிலும் ஒட்டாதாம். சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 304 ரகத்தில் காந்தம் பிடிக்காது, நிக்கல் சேர்க்காத 430 ரகத்தில் பிடிக்கும். கதவைப் பார்த்து இது எந்த ரகம் என்று யாரால் சொல்ல முடியும்? வாங்குவதற்கு முன் வீட்டில் கிடக்கும் ஏதாவதொரு காந்தத்தைக் கதவில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். பெயின்ட் அடித்த பக்கவாட்டுத் தகட்டில் ஒட்டியது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது. அங்கே எழுதி வைத்தால் பல்லிதான் படிக்கும்.

சரி, சுவர். கூடவே வந்த நுரை டேப்பை நாலு மூலையிலும் ஒட்டி, அழுத்தி, கையோடு சாவிக்கொத்துகளையும் மாட்டினேன். விடியற்காலையில் தடாரென்று ஒரு சத்தம். மாமியார் பூனை என்று நினைத்து விளக்கைப் போட்டார். கீழே பலகை, ஒரு மூலை மடங்கியிருந்தது. அந்த மடிப்பு இன்னமும் இருக்கிறது.

தப்பு பாதி என்னுடையது, பாதி கையேட்டினுடையது. சமையலறைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு எப்போதும் உண்டு. டேப் சுவரைப் பிடிக்காமல் பிசுக்கைத்தான் பிடித்தது. அதோடு இந்த வகை அக்ரிலிக் நுரை டேப் ஒட்டியவுடனே முழு வலுவுக்கு வந்துவிடாது, அதற்குக் கிட்டத்தட்ட 72 மணி நேரம் ஆகும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டாவது தடவை சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, புது டேப் ஒட்டி, மூன்று நாள் வெறும் பலகையாகவே விட்டேன். அதற்கப்புறம் விழவில்லை. சாவிக் கொக்கிகளைத் தனியாகக் கதவோரம் மாற்றிவிட்டேன், அவை நன்றாகவே இருக்கின்றன. சாவி தேடுகிற சண்டை எங்கள் வீட்டில் முடிந்துபோனது.

அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் மாட்டாதீர்கள். முதலில் அங்கேதான் வைக்கப் பார்த்தேன், நான் அதிக நேரம் நிற்கிற இடம் என்று. ஆவியும் எண்ணெயும் படிந்தால் மார்க்கர் வழுக்கும், கோடு விட்டுவிட்டு விழும். இப்போது பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் வாசலுக்கும் நடுவில், எட்டு வயதுப் பையனின் கண் உயரத்தில் இருக்கிறது. பெரியவர்கள் கொஞ்சம் குனிய வேண்டும். பார்வைக்கு அழகாக இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். இருக்கட்டும். பையன் தானாகப் போய்ப் பார்க்கிறான்.

அடுத்தது கட்டம். ஒரு மாதத்துக்கு ஐந்து வரிசை அச்சிட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பம். 2026 மே 1 வெள்ளிக்கிழமை. எண்ணிப் பாருங்கள், 31ஆம் தேதி ஞாயிறு ஆறாவது வரிசைக்குப் போகிறது. ஆகஸ்ட் 1 சனிக்கிழமை, அந்த மாதத்தில் 30, 31 இரண்டுமே வெளியே நிற்கும். மாதம் எந்தக் கிழமையில் பிறந்தாலும் இடம் போதவேண்டும் என்றால் 42 கட்டம் வேண்டும், இதில் இருப்பது 35. நாட்காட்டி தயாரிக்கிறவர்களுக்கு இது தெரியாதா என்ன? நான் 24ஆம் தேதிக் கட்டத்தைக் குறுக்கே கோடு போட்டுப் பிரித்து, கீழ்ப்பாதியில் 31க்கான விஷயத்தை எழுதினேன். 31ஆம் தேதி ஊருக்குப் போகவேண்டிய மாமியார் 24ஆம் தேதி காலையில் குளித்து, பெட்டி கட்டி, செருப்புப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "பலகையில நீதானேம்மா எழுதியிருக்க" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து மாதக் கட்டத்தை நான் பயன்படுத்துவதில்லை. ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் ஏழாகப் பிரித்து அதன் மேலேயே காந்தத்தால் மாட்டிவிட்டேன். ஒரு வாரம், ஒரு தாள். யார், எத்தனை மணிக்கு, யார் கூட்டி வருவது. இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கிற நாட்காட்டி எதையும் நான் பார்த்ததில்லை, எங்கள் வீட்டுக்கு அதுதான் முக்கியம். தூரத்துத் தேதிகள் எல்லாம் போனில், கூகுள் நாட்காட்டியில் நானும் அவரும் பகிர்ந்து வைத்திருக்கிறோம். "எல்லாம் போன்லயே இருக்கே, எதுக்குப் பலகை?" என்று ஆரம்பத்தில் கேட்டவர் அவர். போன் இல்லாத இரண்டு பேர் இந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான். ஞாயிறு இரவு போனைப் பார்த்து நான் சொல்லச் சொல்லப் பையன் தாளில் எழுதுவான். எழுத்துப் பிழை நிறைய இருக்கும், யாரும் திருத்துவதில்லை.

பலகையின் மேற்பரப்பு சுமார். நாலைந்து வாரம் அழிக்காமல் விட்ட எழுத்து துடைத்த பிறகும் பேய் மாதிரி மங்கலாகத் தெரிந்தது. அதன் மேலேயே புது மார்க்கரால் எழுதி, காய்வதற்குள் துடைத்தால் பழையதும் சேர்ந்து வந்துவிடும், மையில் உள்ள கரைப்பான் பழைய மையை இளக்கிவிடுகிறது. மார்க்கர் செருகும் குழாயோ இன்னும் மோசம். அதில் பேனா முனை மேலே பார்த்துதான் நிற்கும். மை அடியில் தங்கி இரண்டு வாரத்தில் முனை காய்ந்துபோனது. இப்போது ஒரு ரப்பர் பேண்டு போட்டுப் படுக்கைவாட்டில் வைத்திருக்கிறேன்.

கூட வந்த காந்தங்கள் ஒரு தாளைத் தாங்கும், மூன்று தாள் என்றால் நழுவிவிடும். அதனால் குட்டி நியோடிமியக் காந்தங்கள் வாங்கினேன், பிடி அபாரம். ஆனால் தங்கை தன் ஒன்றரை வயதுக் குழந்தையோடு வந்த அன்றே அத்தனையையும் எடுத்துப் பூட்டி வைத்தேன். இரண்டு விழுங்கிவிட்டால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். தவழும் குழந்தை வந்துபோகிற வீட்டில் அவை வேண்டவே வேண்டாம். இப்போது அந்த இடத்தில் அகலமான காந்தக் கிளிப் ஒன்று இருக்கிறது.

காகிதப் பை குப்பைத்தொட்டி ஆகிவிட்டது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. இந்தச் செட்டையே மறுபடி வாங்குவேனா என்றால் இல்லை. கட்டம் எதுவும் அச்சிடாத வெறும் காந்தப் பலகை, நல்ல டேப், தனியாக ஒரு வரிசைக் கொக்கி, இவ்வளவு போதும். வீட்டில் எல்லோர் கையிலும் போன் இருந்து எல்லோரும் அதைப் பார்ப்பார்கள் என்றால் அதுவும் தேவைப்படாது.

இந்த வாரத் தாளில் வியாழக்கிழமைக்குக் கீழே பென்சிலில் எழுதியிருக்கிறது: "நீச்சல், 5 மணி, கூட்டி வருவது பாட்டி." பாட்டியிடம் கேட்டாயா என்றேன். "அவங்களே படிச்சுக்குவாங்க" என்றான்.