குல்மார்க்கில் ஒருநாள் பனிச்சரிவுப் பயிற்சி

காட்பாடி வெயிலில் வளர்ந்தவன், பனியில் பள்ளம் தோண்டக் காஷ்மீரின் குல்மார்க் வரை போனேன். கம்மவான்பேட்டை மாமா, பட்டாளத்தில் இருந்தவர், "பனியை நம்பாதேடா" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பனி அடுக்குகள் சரியாமல் நிற்குமா என்று சோதிக்க, அங்கே அபர்வத் மலைச்சரிவில் நெஞ்சளவு பள்ளம் எடுத்தோம். 30 செ.மீ. சதுரத்தில் ஒரு பனித்தூணைப் பிரித்து, அதன் உச்சியில் மண்வாரித் தகட்டை வைத்து, மணிக்கட்டு அசைவில் 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எங்கள் தூண் 13ஆவது தட்டிலேயே மேசை டிராயர் மாதிரி வழுக்கி வெளியே வந்தது. உடைந்த இடத்தை அள்ளிப் பார்த்தால் ஜீனி மாதிரி ஒட்டாமல் உதிர்கிறது. மேலே இருக்கும் பனியைப் பிடித்து வைக்காத அந்த அடுக்குதான் எமன். அதுவும் 30 முதல் 45 டிகிரி சரிவென்றால் கேட்கவே வேண்டாம். பயிற்சியாளர் அன்றைக்கு அந்தப் பக்கம் சறுக்கவே விடவில்லை. காசு கொடுத்ததே அதற்குத்தான் என்பேன்.

குறை என்றால், பனியில் புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேட உதவும் கருவியான டிரான்ஸீவரை வாடகைக்குக் கொடுத்தார்கள்; அதில் பேட்டரி பாதிதான் இருந்தது. புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டிய இடத்தில் இதென்ன விளையாட்டு? கேட்டதும் மாற்றினார்கள், சரி. அப்புறம் மதியம் ராஜ்மா, சாதம்; சுமார். நம்மூர்க்காரர்கள் போனால் புது பேட்டரியும் ஒரு பாட்டில் ஊறுகாயும் கையோடு கொண்டு போங்கள்.