சிலிக்கோனா, உப்புநீரா, சொந்தக் கொழுப்பா?

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை பற்றி விசாரிப்பவர்கள் "எது இயல்பாகத் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: உள்ளே வைத்தது கெட்டுப்போனால் எப்படித் தெரியும்?

இதில் நேர்மையானது உப்புநீர் பைதான். காலிப் பையைச் சுருட்டி, சிறிய கீறல் வழியே உள்ளே தள்ளி, அப்புறம் குழாய் வழியாக உப்புநீரை நிரப்புவார்கள். இரு பக்கமும் சற்று முன்பின் இருந்தால் அளவை அங்கேயே சரிசெய்யலாம். பை கிழிந்தால் உப்புநீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பக்கம் வற்றிப்போனதைக் கண்ணாடியே காட்டிக்கொடுத்துவிடும். குறை தொடும்போது தெரியும்: ஒல்லியானவர்களுக்குத் தண்ணீர் பாக்கெட்டைப் போலச் சுருக்கம் கைக்குத் தட்டுப்படும். இந்தப் பையின் உறையும் சிலிக்கோன்தான். "எனக்குச் சிலிக்கோனே வேண்டாம்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிலிக்கோன் ஜெல் பை நுங்கைப் போல மெத்தென்று இருக்கும். 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதன்முதலாகப் பொருத்தினார்கள். 1992-இல் பெரிதாக்கும் சிகிச்சைக்கு அங்கே இதை நிறுத்திவைத்து, 2006-இல் மறுபடி அனுமதித்தார்கள். இப்போது வரும் கெட்டியான ஜெல், உறை கிழிந்தாலும் பெரும்பாலும் வழிந்தோடாது. வசதிதான், ஆனால் சிக்கலும் அங்கேதான். வடிவம் மாறாததால் கிழிந்ததே தெரியாமல் வருடங்கள் ஓடலாம். அதனால்தான் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ., பை வைத்த 5–6 ஆண்டுகளில் ஒரு ஸ்கேன், பிறகு 2–3 ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்கிறது. மருத்துவமனை சொல்லும் 'பேக்கேஜ்' தொகையில் அந்தச் செலவும் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

பையின் மேற்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா என்பதையும் கேட்க வேண்டும். சொரசொரப்பான பைகளைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசுவில் அரிதாக ஒருவகை லிம்ஃபோமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) வருகிறது. இதற்காகவே 2019-இல் அலர்கான் நிறுவனம் தன் பயோசெல் வகைப் பைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால் தள்ளிப்போடக் கூடாது. அந்தத் தழும்புத் திசு இறுகி மார்பைக் கல்லாக்குவதோ இன்னும் சகஜம். அது எந்தப் பைக்கும் வரலாம்.

மூன்றாவது, தொடையிலோ வயிற்றிலோ எடுக்கும் சொந்தக் கொழுப்பு. பையே இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் ஏற்றியதில் ஒரு பகுதி சில மாதங்களில் கரைந்துவிடும், கூடும் அளவும் கொஞ்சம்தான். ஒல்லியானவர்களிடம் எடுக்கவே கொழுப்பு இருக்காது. கரையாமல் சாகும் கொழுப்பு கட்டியாகி, மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரிந்து பயமுறுத்தலாம். படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் கூடினால் போதும் என்பவருக்குக் கொழுப்பு. ஸ்கேனுக்கு அலைய முடியாது என்றால் உப்புநீர். தொட்டால் இயல்பாக இருக்க வேண்டும், காலமெல்லாம் கண்காணிக்கவும் தயார் என்றால் சிலிக்கோன். இது என் கணக்கு. எந்தப் பையும் ஆயுளுக்கும் வராது. 25 வயதில் வைப்பவர் இன்னொரு அறுவைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியது பலருக்குத் தெரியாது.

பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் தொழிற்சாலைத் தரச் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமானபோது, தன் உடம்பில் இருப்பது யாருடைய பை என்பதே தெரியாமல் தவித்த பெண்கள் உண்டு. நிறுவனம், மாடல், வரிசை எண் அச்சிட்ட அட்டையைக் கேட்டு வாங்கி, ஆதார் வைக்கும் உறையிலேயே போட்டுவையுங்கள்.