உணவு வலையைக் கற்பிக்க எது சிறந்தது: கூகையின் உமிழ் உருண்டையா, செயற்கை உருண்டையா, கணினித் திரையா?

கூகை என்னும் ஆந்தை தன் இரையைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்கிவிடுகிறது. இரைப்பையின் முதற்பகுதியில் சுரக்கும் அமிலமும் நொதிகளும் தசையைக் கரைத்துவிட, கரையாத எலும்பும் பல்லும் மயிரும் பூச்சிகளின் ஓடும் அடுத்துள்ள தசைப்பையில் தங்கி, இறுகி, சில மணி நேரத்தில் ஓர் உருண்டையாக வாய்வழியே வெளியேறுகின்றன. பருந்துகளும் இப்படி உமிழ்வதுண்டு; ஆனால் அவற்றின் வயிற்று அமிலம் வீரியம் மிகுந்தது என்பதால் எலும்புகள் பெரிதும் கரைந்துபோகின்றன. ஆந்தைகளின் அமிலம் அவ்வளவு கடுமையானதன்று. அவற்றுள்ளும் கூகையின் உருண்டையில் மண்டையோடுகள் உடையாமல் கிடைப்பது வழக்கம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இவ்வுருண்டையைப் பிரித்துப் பார்ப்பது நெடுங்காலமாக அறிவியல் பாடத்தின் ஒரு பகுதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்று ஆசிரியர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: கிருமிநீக்கம் செய்து விற்கப்படும் உண்மையான உருண்டை, பக்கத்துக் கட்டடத்தின் அடியில் தாமே பொறுக்கும் உருண்டை, நெகிழி எலும்புகளை வைத்துத் தொழிற்சாலையில் செய்த உருண்டை, திரையில் சுட்டியால் பிரிக்கும் மெய்நிகர் உருண்டை. இவற்றை விலையாலும் தூய்மையாலும் மட்டும் ஒப்பிடுவது போதாது என்பது என் உறுதியான கருத்து. எந்த வழியில் குழந்தை உணவு வலையை, அதாவது எந்த உயிர் எதைத் தின்கிறது என்னும் பின்னலை, தானே கண்டறிகிறது, எந்த வழியில் வேறொருவர் வரைந்து வைத்த வலையைத் திரும்பச் சொல்கிறது என்பதே முதன்மையான அளவுகோலாக இருக்க வேண்டும்.

உண்மையான உருண்டையின் பெருஞ்சிறப்பு பற்களில் இருக்கிறது. பிரிட்டனில் கூகையின் முக்கிய இரைகள் மூன்று: வயல் வோல் எனப்படும் குட்டைவால் கொறிணி, சாதாரண மூஞ்சூறு, காட்டுச் சுண்டெலி. வோலின் கடைவாய்ப்பற்களை மேலிருந்து பார்த்தால் வளைந்து வளைந்து செல்லும் முக்கோண விளிம்புகள் தெரியும். அவை கரடுமுரடான புல்லை அரைப்பதற்கானவை. சுண்டெலியின் கடைவாய்ப்பற்களில் இருப்பவை விதையையும் பழத்தையும் மெல்லுவதற்கேற்ற மழுங்கிய முடிச்சுகள். மூஞ்சூற்றின் வாயிலோ வண்டின் ஓட்டைக் குத்தி உடைக்கும் கூர்முனைகள் வரிசையாக நிற்கின்றன. பற்சிப்பியில் இரும்பு படிந்திருப்பதால் அவற்றின் நுனிகள் செந்நிறமாகவும் இருக்கும். ஆகவே ஒரு மண்டையோடு கூகை எதைத் தின்றது என்பதோடு நிற்காமல், தின்னப்பட்ட உயிர் எதைத் தின்று வாழ்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது. ஒரே உருண்டையில் வோலும் மூஞ்சூறும் கிடைத்தால், புல்லிலிருந்து வோல் வழியாக ஒரு கோடும், தாவரத்திலிருந்து பூச்சி, மூஞ்சூறு வழியாக மற்றொரு கோடும் கூகையிடம் வந்து சேர்வதைக் குழந்தையே வரைய முடிகிறது. முதற்கோட்டில் கூகை இரண்டாம் நிலை நுகர்வோர், அடுத்ததில் மூன்றாம் நிலை நுகர்வோர். ஓர் உயிர் ஒரே படியில் மட்டும் நிற்பதில்லை என்னும் கருத்தைப் பாடநூற் படத்தைக் காட்டிப் புரியவைப்பது கடினம். இரு வகைப் பற்களை அருகருகே வைத்துக் காட்டினால் பத்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும்.

எண்ணிக்கையும் இதே அளவு முக்கியமானது. ஓர் உருண்டையில் பொதுவாகச் சில விலங்குகளே இருக்கும் என்பதால், ஒரு குழந்தையின் முடிவை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. வகுப்பு முழுவதன் மண்டையோடுகளையும் ஒரே பட்டியலில் சேர்க்கும்போதுதான் வலையின் எந்த இழை தடிமனானது என்பது தெரியவரும். மண்டையோடு நொறுங்கிய இடங்களில் இடப்பக்கக் கீழ்த்தாடைகளையும் வலப்பக்கக் கீழ்த்தாடைகளையும் தனித்தனியே எண்ணி, மிகுதியான எண்ணை எடுத்துக்கொள்வது ஆய்வாளர்களின் முறை. அதைக் குழந்தைகளும் தயக்கமின்றிச் செய்கிறார்கள். அடுத்து எடையைக் கணக்கில் கொள்ள வேண்டும். மூஞ்சூறு ஏறத்தாழ 8 கிராம், வோல் 20 கிராமுக்கு மேல். ஆறு மூஞ்சூறுகளும் நான்கு வோல்களும் கிடைத்த வகுப்பில், எண்ணிக்கையில் மூஞ்சூறு முந்தினாலும் கூகைக்குக் கிடைத்த உணவில் பெரும்பங்கு வோலிடமிருந்தே வந்திருக்கும். ஆற்றல் பாய்வு என்னும் சொல்லுக்கு இந்தச் சிறு பெருக்கலைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதன் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. எலும்பற்ற மென்மையான இரை உருண்டையில் கண்ணுக்குத் தெரியும் தடயம் எதையும் விட்டுச்செல்வதில்லை. தாவரங்களும் சிதைப்போரும் அதில் நேரடியாக இல்லை. அவற்றை ஊகித்தே சேர்க்க வேண்டும். இவற்றைவிடக் கவனம் வேண்டுவது உடல்நலம். 2001இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தொடக்கப் பள்ளி மாணவர்களிடையே உமிழ் உருண்டைகளைப் பிரித்ததன் தொடர்பாகச் சால்மோனெல்லா தொற்று பரவியது. உணவருந்தும் மேசைகளிலேயே உருண்டைகளைப் பிரித்ததும் பரவலுக்குக் காரணமாயிற்று. சூடேற்றிக் கிருமிநீக்கம் செய்யப்பட்ட உருண்டைகளையே வாங்குவது, உணவுக்கூடத்தை அறவே தவிர்ப்பது, கையுறை அணிவது, முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவச் செய்து மேசையையும் கிருமிநாசினியால் துடைப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று விடுபடும் என்றாலும் அந்தப் பள்ளி இந்தப் பாடத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. மயிர்த்தூசு ஒவ்வாத குழந்தைகள் இருந்தால், உருண்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம்.

செயற்கை உருண்டை இந்தக் கவலைகளை நீக்குகிறது. விலங்கின் உடற்பகுதியைத் தொட விரும்பாத குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் பங்கேற்கலாம் என்பது பெரிய நன்மை. அந்த விருப்பத்தை மதிக்கவே வேண்டும். எலும்புகளின் பெயரைக் கற்பிப்பதற்கும் அது ஏற்றதே. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தயாரித்தவர் முன்பே தீர்மானித்துவிட்டார். பெரும்பாலும் ஒரே ஒரு முழு எலும்புக்கூடு இருக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் அதே எலும்புக்கூடு கிடைக்கும். முப்பது பேரின் முடிவுகளைக் கூட்டினாலும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. உயிரியல் உடற்கூற்றுப் பாடமாக அது தேறுகிறது. உணவு வலைப் பாடமாகத் தேறவில்லை.

திரைவழிப் பிரிப்பு இலவசமாகவும் கிடைக்கிறது, திரும்பத் திரும்பவும் செய்யலாம். உண்மையான உருண்டையைத் தொடுவதற்கு முந்தைய நாள், எலும்பு விளக்கப்படத்தைப் பழகிக்கொள்ள அதனினும் எளிய வழி இல்லை. தனித்து நிற்கும் பாடமாக அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எஞ்சியிருப்பது வாங்குவதா, பொறுக்குவதா என்னும் கேள்வி. அமெரிக்காவில் விற்கப்படும் உருண்டைகளில் பல அந்நாட்டின் வடமேற்கு மாநிலங்களின் பண்ணைக் கொட்டகைகளிலிருந்து வருகின்றன. அவற்றை ஃப்ளோரிடாவில் பிரிக்கும் குழந்தை, தன் ஊரின் வலையை அன்றி வாஷிங்டன் மாநிலத்துப் புல்வெளியின் வலையையே வரைகிறது. ஆசிரியர் அதை வெளிப்படையாகச் சொல்லி, வரைபடத்தில் இடத்தையும் காட்டிவிட்டால் தவறில்லை; சொல்லாமல் விடுவதுதான் பிழை.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய விரும்பும் ஆசிரியருக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. கோவில் கோபுரங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் கூகைகள் அடைகின்றன. அடியில் உருண்டைகளும் கிடக்கின்றன. ஆனால் வெளிநாட்டு அடையாள அட்டவணையை அப்படியே பயன்படுத்தினால் குழப்பமே மிஞ்சும். இங்கு வோல் இல்லை. நம் வீடுகளைச் சுற்றித் திரியும் மூஞ்சூறு வெண்பல் இனத்தைச் சேர்ந்தது. செந்நிற நுனியைத் தேடும் குழந்தை அதை மூஞ்சூறு அல்ல என்று ஒதுக்கிவிடும். வெள்ளெலியின் மேல் முன்பற்கள் ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும் என்பதை அந்த அட்டவணை சொல்லாது. வரப்பெலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி, மூஞ்சூறு ஆகியவற்றின் மண்டையோட்டுப் படங்களைக் கொண்டு, அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையின் துணையுடன் உள்ளூர் அட்டவணை ஒன்றை முதலில் தயாரிக்க வேண்டும். மரப்பொந்துகளில் வாழும் புள்ளி ஆந்தையின் உருண்டை கிடைத்தால், அதில் எலும்பைவிட வண்டின் இறக்கையுறைகளே மிகுந்திருக்கலாம். இரண்டு ஆந்தைகளின் உருண்டைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தனியே ஒரு நல்ல வகுப்பாகும்.

கூகை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காக்கப்படும் பறவை. பிரிட்டனிலும் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூடு கட்டியிருக்கும் கூகையைத் தொந்தரவு செய்வது குற்றம். எனவே குஞ்சுகள் இருக்கும் இடத்தை நெருங்காமல், வனத்துறையினரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, பறவைகள் இல்லாத நேரத்தில், தரையில் விழுந்து காய்ந்தவற்றை மட்டும் பெரியவர்கள் எடுத்துவர வேண்டும். அவற்றை வெள்ளித்தாளில் சுற்றி 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் சூட்டடுப்பில் (ஓவன்) சூடேற்றுவது பரவலாகப் பின்பற்றப்படும் முறை; அந்த அடுப்பு சமையலுக்குப் பயன்படாததாக இருத்தல் நலம். எடுத்த இடம், நாள், சுற்றியுள்ள நிலம் நெல்வயலா, கரும்பா, குடியிருப்பா என்பதைச் சீட்டில் எழுதி உருண்டையோடு வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு வகுப்பின் எண்ணிக்கையை இந்த ஆண்டின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, அறுவடைக்குப் பின் எலிகள் குறைந்தனவா என்பதைப் பிள்ளைகளே ஆராயலாம். உள்ளூர் உருண்டை கிடைக்காத பள்ளிக்கு விலைக்கு வாங்கிய உண்மையான உருண்டை இரண்டாம் தேர்வு. அதுவும் இயலாத இடத்தில், செயற்கை உருண்டையோடு உள்ளூர் எலிகளின் பற்படங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம்.