தினச் சாப்பாட்டுக்கு எது: சந்து மெஸ்ஸா, மெயின் ரோடு ஹோட்டலா?

போன வாரம் மறுபடியும் ஒரு மெஸ் கூப்பன் புத்தகம் வாங்கினேன். 30 சாப்பாடு, 2,700 ரூபாய், 45 நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். 2022-இல் மேற்கு மாம்பலத்துக்கு வந்ததிலிருந்து எத்தனை புத்தகம் கிழித்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை, கணக்கு எழுதுவதுதான் பிழைப்பு என்றாலும். வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வந்து தனியாக அறை எடுக்கிற நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "சாப்பாட்டுக்கு என்ன பண்றே?" என்பதுதான். வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

ஆரிய கவுடா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு மாமி நடத்துகிற மெஸ் ஒன்று. பத்து நிமிட நடையில், கண்ணாடிக் கதவு போட்ட 'உயர்தர சைவ உணவகம்' இன்னொன்று. மூன்றாவது, போனில் ஆர்டர். முதல் ஆறு மாதம் ஹோட்டலிலும் போனிலும் சாப்பிட்டுவிட்டுத்தான் மெஸ்ஸுக்கு மாறினேன். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் இல்லை.

விலையை முதலில் முடித்துவிடலாம். கூப்பனில் ஒரு சாப்பாடு 90 ரூபாய். ஹோட்டலில் ஃபுல் மீல்ஸ் 150, ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்தால் 158. மாதம் 26 நாள் என்றால் வித்தியாசம் 1,700 ரூபாய்க்கு மேல். மெஸ்ஸில் மட்டும் வரி போடுவதில்லையே, ஏமாற்றுகிறார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். அப்படி இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் நிற்கிற உணவகம் பதிவே செய்ய வேண்டியதில்லை. சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடையும் வரியைத் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், பில்லில் தனியாகப் போட்டு நம்மிடம் வாங்கக்கூடாது.

வசதியில் ஹோட்டலுக்குத்தான் வெற்றி. ஏசி, கைகழுவுமிடத்தில் சோப்பு, தனி மேசை. மெஸ்ஸில் மொத்தமே பதினாறு நாற்காலி. ஒரு மணிக்குப் போனால், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்க வேண்டும். நாம் சாப்பிடும்போது நம் முதுகுக்குப் பின்னாலும் ஒருவர் நிற்பார். திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து சாப்பிட்டவர்களுக்கு இது பழகியிருக்கும். மற்றவர்களுக்கு ஒரு வாரம் கூச்சமாக இருக்கும், அப்புறம் போய்விடும்.

ருசியில் எனக்குப் பெரிய தீர்ப்பு இல்லை. ஒருநாள் சாப்பாட்டுக்கு ஹோட்டல் சாம்பாரே ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் நான் மாறியதற்குக் காரணம் ருசி இல்லை, மிச்சம், அதாவது பாத்திரத்தில் மீந்துபோகிற சாப்பாடு.

மெஸ்ஸில் ஒரு நாளைக்கு ஒரே சமையல். ஒரு சாம்பாரோ வத்தக்குழம்போ, ஒரு கூட்டு, ஒரு பொரியல், ரசம், அப்பளம், மோர். பன்னிரண்டு மணிக்குப் பெரிய அண்டாவில் வருகிற சாம்பார் இரண்டேகாலுக்கு அடியில் கரண்டி தட்டும். இரண்டரைக்கு அண்டாவைக் கவிழ்த்துவிடுவார்கள். எத்தனை பேர் கூப்பன் வைத்திருக்கிறார்கள் என்பது மாமிக்குத் தெரியும், அதனால் எவ்வளவு பருப்பு போட வேண்டும் என்பதும் தெரியும். மறுநாளைக்கு எடுத்துவைக்க எதுவும் இருக்காது. வைக்கப் பெரிய ஃபிரிட்ஜும் அங்கே இல்லை.

ஹோட்டல் மெனு அட்டையை ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பத்து அயிட்டம். பனீர் பட்டர் மசாலாவை ஒருநாளில் எத்தனை பேர் கேட்பார்கள் என்று எந்த மாஸ்டருக்கும் தெரியாது. கேட்டால் பத்து நிமிடத்தில் மேசைக்கு வந்தாக வேண்டும். அதனால் வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த கிரேவி ஒன்று, முந்திரி அரைத்த வெள்ளை கிரேவி ஒன்று எனச் செய்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறார்கள். ஆர்டர் வந்ததும் ஒரு கரண்டி எடுத்து, பனீரைப் போட்டால் ஒரு பெயர், காளானைப் போட்டால் இன்னொரு பெயர். இதில் தப்பு எதுவும் இல்லை. ஒழுங்காகக் குளிரில் வைத்தால் கெடாது. 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் மே மாதத்தில், கரண்ட் போய் வந்த நாளில், அந்த டிகிரியை யார் பார்த்தார்கள் என்பது சாப்பிடுகிற நமக்குத் தெரியாது. மாதம் இரண்டு தடவை போகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாதம் 26 தடவை போகிறவருக்கு எப்போதாவது ஒருநாள் மாட்டும். எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாட்டியது, சனி ஞாயிறு இரண்டு நாளும் அறையில் எலெக்ட்ரால் கரைத்துக் குடித்தபடி கிடந்தேன்.

எண்ணெயும் இதே கதைதான். ஹோட்டலில் காலைப் பூரியில் தொடங்கி மாலை பஜ்ஜி வரை எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்குவதில்லை. சட்டியில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில், அது சிதைவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அளந்து பார்க்கக் கருவியும் இருக்கிறது. மெஸ்ஸில் பொரிப்பது அப்பளமும் வெள்ளிக்கிழமை வடையும் மட்டும். அந்த எண்ணெய் மறுநாள் தாளிப்புக்குப் போகலாம், இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் நாள் முழுக்கக் காய்வதில்லை.

மெனு சின்னதாக இருப்பதில் இன்னொரு லாபத்தை 2023 ஜூலையில் பார்த்தேன். தக்காளி கிலோ நூறைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்ற மாதம் அது. ஹோட்டல் அட்டையில் தக்காளி ரசம் அச்சாகியிருக்கிறது, ஆகவே கொடுத்தார்கள், வெந்நீரில் தக்காளியைக் காட்டிவிட்டு எடுத்த மாதிரி. மாமிக்கு அட்டை கிடையாது. ஒருநாள் எலுமிச்சை ரசம், ஒருநாள் மிளகு ரசம், ஒருநாள் மோர்க்குழம்பு என்று அந்த மாதத்தை ஓட்டிவிட்டார். விலையும் ஏறவில்லை.

மெஸ் பக்கம் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். சௌசௌ மலிவான வாரத்தில் ஐந்து நாளும் சௌசௌ கூட்டுதான். பரிமாறுகிற அண்ணா, சோற்றில் நாம் குழி வெட்டுவதற்குள் ரசத்தை ஊற்றிவிடுவார், அது இலையைத் தாண்டி மேசை விளிம்புக்கு ஓடும். இரவு எலுமிச்சை சாதம் போட்டால், அது மதியச் சோறுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்த நாளில் தோசையோடு நிறுத்திக்கொள்வேன். ஞாயிறு இரவு அடுப்பே கிடையாது. ஊரிலிருந்து மனைவியும் பையனும் வந்தால் ஹோட்டல்தான். பத்து வயதுப் பையனை ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்கவைக்க முடியாது, அவனுக்கு வேண்டியதும் சோளா பூரி.

போனில் ஆர்டர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதே ஹோட்டல் சாப்பாடு, பேக்கிங், டெலிவரி எல்லாம் சேர்ந்து 230 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. முக்கியமாக, மறு சாதம் கிடையாது. மழை நாளுக்கும் காய்ச்சல் நாளுக்கும் சரி. மாமி ஏன் அதில் சேரவில்லை என்று கேட்டேன். "அவாளுக்குக் கமிஷன் கொடுத்தா, பருப்பைத்தான் குறைக்கணும். நீங்க சம்மதிப்பேளா?" என்றார்.

அம்மா உணவகத்தை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பீர்கள். 2013-இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. விலையில் யாரும் போட்டிக்கு வர முடியாது. நான் காலை இட்லிக்கு மட்டும் சில நாள் போயிருக்கிறேன், நன்றாகவே இருந்தது. மதியத்துக்கு அங்கே தொடர்ந்து சாப்பிட்டதில்லை, அதனால் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அசைவ மெஸ்ஸிலும் எனக்கு அனுபவம் குறைவு. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்கிறவர்களிடம் என் மிச்சக் கணக்கு எடுபடாது.

உங்கள் பகுதியில் மெஸ் தேடுகிறவர்கள் கூப்பன் வாங்குவதற்கு முன் ஒருநாள் மதியம் இரண்டேகாலுக்குப் போய்ப் பாருங்கள். எல்லாப் பாத்திரமும் பாதி நிறைந்திருந்தால் திரும்பி வந்துவிடலாம். நான் அப்படிப் போன முதல் நாள் பொரியல் இல்லை, கூட்டு இல்லை, சாம்பார் இரண்டு கரண்டி. "சொல்லிட்டு வரப்படாதா" என்று கடிந்துகொண்டே மாமி உள்ளே போய் நாலு மோர்மிளகாய் வறுத்துக் கொண்டுவந்து இலையில் வைத்தார். மறுநாள் பன்னிரண்டரைக்கே போய் முதல் புத்தகத்தை வாங்கினேன்.