ஸ்டாக்ஹோமில் ‘வெறும் பட்டாணி சூப்’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

சைவம் சாப்பிடும் அப்பா அம்மாவை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்து வரப்போகிறவர்கள் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். சென்ற செப்டம்பரில் எங்களுக்கு நடந்தது இது. எழுதுவதா வேண்டாமா என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மதுரைப் பையன் ஒருவன், தன் அம்மா அடுத்த மாதம் வருவதாகச் சொல்லி, “காம்லா ஸ்டான்ல எங்கண்ணே சாப்பிடலாம்?” என்று கேட்டான். காம்லா ஸ்டான் என்றால் ஸ்டாக்ஹோமின் பழைய நகரப் பகுதி, எங்களுக்கு நடந்ததும் அங்கேதான். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

வேலைக்காக நான் இங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்த சமயம். அப்பாவும் அம்மாவும் மூன்று வாரம் தங்க வந்திருந்தார்கள். அப்பா மீன் சாப்பிடுவார். அம்மா பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடக் கிடையாது. வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு ஒருநாள் வெளியே சாப்பிடலாம் என்று சொன்னது நான்தான். வியாழக்கிழமை, நல்ல வெயில். ஸ்டோர்டோரியெட் சதுக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் பழைய வீடுகளைப் பார்த்தோம். தொண்ணூறு சென்டிமீட்டரே அகலமுள்ள மோர்டென் ட்ரோட்ஸிக் சந்தில் ஏறி இறங்கினோம். அம்மாவுக்குக் கால் வலித்தது, மணி ஒன்றரை ஆகிவிட்டது. வெஸ்தெர்லோங்காதன் தெருவை ஒட்டிய சந்தில் ஓர் உணவகம் இருந்தது. வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் ஏதோ அழகாக எழுதி, ஓரத்தில் பூ வரைந்திருந்தார்கள். அம்மா அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். படம் எடுத்தேன். அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே உட்கார்ந்ததும் ஆங்கில மெனு கொடுத்தார்கள். பரிமாறுபவரிடம் நான் நிதானமாகவே சொன்னேன்: “அம்மா இறைச்சி, மீன், முட்டை மூன்றும் சாப்பிட மாட்டார். என்ன தரலாம்?” அவர் யோசிக்கவே இல்லை. “இன்று வியாழன், பட்டாணி சூப் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் நாட்டு உணவு.” அதில் இறைச்சி உண்டா என்று மறுபடியும் கேட்டேன். “இல்லை, வெறும் மஞ்சள் பட்டாணிதான்” என்றார். இந்த வார்த்தையை நானும் கேட்டேன், அப்பாவும் கேட்டார்.

கெட்டியான மஞ்சள் சூப் வந்தது, நம் ஊர்ப் பருப்பு மாதிரியே. கூடவே கடுகு விழுது. அம்மா கிண்ணத்தின் விளிம்பில் கொஞ்சம் கடுகைத் தடவிக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு, நம்ம பருப்புக் கடைசல் மாதிரி” என்றார். நாலைந்து கரண்டி சாப்பிட்டிருப்பார். அடியிலிருந்து இளஞ்சிவப்பாக, நார்நாராக ஒரு துண்டு வந்தது. வாயிலும் ஒன்று போயிருக்கிறது. கைக்குட்டையில் துப்பிவிட்டு, சத்தமே இல்லாமல் என் பக்கம் நகர்த்தினார். “தம்பி, இது என்னன்னு பாரு.”

பன்றி இறைச்சி.

பரிமாறுபவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அது ருசிக்காகக் கொஞ்சம் போடுவது” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கிண்ணத்தை எடுத்துப் போனார், ஐந்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்தார். “இப்போது இறைச்சி இல்லை” என்றார். அம்மா விளிம்பில் தடவியிருந்த கடுகு அதே இடத்தில் அப்படியே இருந்தது. துண்டுகளை மட்டும் பொறுக்கிவிட்டு அதே சூப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அறுபத்து மூன்று வருடம் ஒருவர் கட்டிக்காத்த விஷயம் அவர்களுக்கு ஒரு கரண்டியால் அள்ளி எடுத்துவிடக்கூடிய ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்த இரண்டாவது கிண்ணம்தான்.

அம்மா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தார், விளக்கேற்றினார், அன்று இரவு எதுவும் சாப்பிடவில்லை. “தெரியாம நடந்ததுப்பா, விடு” என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினார்.

சரி, பில்லுக்கு வருகிறேன். சூப் 195 குரோனா. அதை எடுக்கச் சொன்னேன், “பரிமாறியாகிவிட்டது” என்று மறுத்துவிட்டார்கள். எனக்கு இறைச்சி உருண்டை 255, அப்பாவுக்கு வறுத்த ஸ்ட்ரோமிங் மீன் 225. நாங்கள் கேட்காமலே மேஜையில் வைத்த ரொட்டிக்கு 60. தண்ணீர் இரண்டு பாட்டில் 150. ஆக 885. பிறகு கார்டு மெஷினை நீட்டினார்கள். திரையில் 10, 15, 20 சதவீதம் என்று டிப்ஸ் கட்டங்கள், 15 ஏற்கெனவே தேர்வாகியிருந்தது. பின்னால் ஆள் நிற்கிறார், அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார், நான் அழுத்திவிட்டேன். 1018 ஆனது. அடுத்த திரையில் தொகை ரூபாயில் வந்தது. என் இந்தியக் கார்டு என்பதால் அவர்கள் மெஷினே ரூபாயாக மாற்றித் தருகிறதாம். அதற்கும் சரி என்று அழுத்தினேன். அந்த மாற்று விகிதத்தில் போனது தனி.

மறுநாள் மதியம் உடன் வேலை செய்யும் ஸ்வீடன்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். படத்தைக் காட்டச் சொன்னார். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா தோளுக்குப் பின்னால் இருந்த பலகையில் ஸ்வீடிஷில் இருந்ததை வரிவரியாகப் படித்துச் சொன்னார். “இன்றைய மதிய உணவு: பன்றி இறைச்சியுடன் பட்டாணி சூப், பான்கேக். சாலட், ரொட்டி, தண்ணீர், காபி உட்பட 145 குரோனா.”

அதே சூப். பலகையில் ஸ்வீடிஷில் 145, ரொட்டியும் தண்ணீரும் சேர்த்து. ஆங்கில மெனுவில் 195, ரொட்டிக்கும் தண்ணீருக்கும் தனிக் காசு. பன்றி இறைச்சி என்பதும் வாசலிலேயே எழுதியிருக்கிறது. அம்மா அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். பரிமாறியவருக்குத் தெரியாமல் நடந்தது என்று இனி நான் எப்படி நம்புவேன்?

உணவகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவீர்கள். அதைவிட, இந்த ஊர்ச் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே போனாலும் உதவும்.

வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் பான்கேக்கும் இங்கே மிகப் பழைய வழக்கம். வெள்ளிக்கிழமை நோன்புக்கு முந்தைய நாள் வயிறு நிறையச் சாப்பிட்ட கத்தோலிக்கக் காலத்திலிருந்து வந்தது என்பார்கள். பெயர் ஏர்ட்சோப்பா. அதில் பன்றி இறைச்சி சேர்ப்பதுதான் அவர்கள் முறை, சேர்த்தது தப்பே இல்லை. இல்லை என்று சொன்னதுதான் தப்பு. சைவ ஏர்ட்சோப்பா தனியாகச் செய்கிற இடங்களும் உண்டு, அங்கே ‘வெகெட்டாரிஸ்க்’ என்று எழுதியிருக்கும். அந்த வார்த்தை இல்லையென்றால் இறைச்சி உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பான்கேக்கில் முட்டை இருக்கும்.

இன்னொன்று நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒவ்வாமை தரும் 14 பொருட்கள் உணவில் இருக்கின்றனவா என்று உணவகம் சொல்லியாக வேண்டும். முட்டை, பால், மீன், கடுகுகூட அந்தப் பட்டியலில் உண்டு. இறைச்சி கிடையாது. அம்மா கிண்ணத்தில் இருந்த கடுகு சட்டத்தின் கண்ணில் படும், பன்றி இறைச்சி படாது. ‘சைவம்’ என்ற சொல்லுக்கே அங்கே சட்ட வரையறை இன்னும் இல்லை. ஆனால் உணவைப் பற்றித் தவறான தகவல் தருவதைச் சட்டம் தடைசெய்கிறது. இங்கே உணவகங்களைச் சோதிப்பது நகராட்சியின் சுற்றுச்சூழல் துறை. பில், தேதி, அந்தப் படம் எல்லாவற்றையும் வைத்து அவர்களிடம் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு இப்படி நடந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ‘டாகென்ஸ்’ என்ற சொல் ஒன்று போதும், ‘இன்றைய’ மதிய உணவு என்று அர்த்தம். வார நாட்களில் ஏறக்குறைய பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை, அலுவலகக்காரர்கள் சாப்பிடும் இடங்களில் எல்லாம் இது இருக்கும். 120 முதல் 160 குரோனாவுக்குள் ஒரு முழுச் சாப்பாடு, பெரும்பாலும் சாலட், ரொட்டி, காபி சேர்த்தே. நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் இடங்களில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், சைவக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆங்கில மெனுவில் இல்லையென்றாலும் “டாகென்ஸ் இருக்கிறதா?” என்று கேளுங்கள். ஜூலையில் மட்டும் ஊர்க்காரர்கள் விடுமுறைக்குப் போய்விடுவதால் இப்படிப்பட்ட கடைகள் பலவும் மூடியிருக்கும். அந்த மாதம் வருகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

தண்ணீர் கேட்டால் “சாதாரணமா, கேஸா?” என்பார்கள். இரண்டுமே பாட்டில். “க்ரான்வாத்தென்” என்று சொல்லுங்கள், குழாய்த் தண்ணீர் வரும், பெரும்பாலான இடங்களில் காசில்லை. மேலாரென் ஏரியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து வரும் நல்ல தண்ணீர், வீட்டில் நாங்கள் குடிப்பதும் அதுதான். கேட்காத ரொட்டியை வைத்தால் இது விலையில் சேர்ந்ததா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். மெனு விலையில் வரி அடங்கியிருக்கும். டிப்ஸ் கட்டாயம் இல்லை, பரிமாறுபவர்களுக்குச் சம்பளம் இருக்கிறது, டிப்ஸை நம்பி அவர்கள் வேலை செய்வதில்லை. மெஷினில் சதவீதக் கட்டம் வந்தால் பூஜ்யம் போட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ரூபாயா குரோனாவா என்று கேட்டால் எப்போதும் குரோனா.

மெனுவை மொபைலில் மொழிபெயர்த்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஃப்ளேஸ்க்’ பன்றி, ‘ஹின்க்கா’ பன்றித் தொடைக் கறி, ‘நோத்ஷோத்’ மாட்டிறைச்சி. ‘நோத்’ என்றால் கொட்டை என்றும் பொருள், மாடு என்றும் பொருள். மொழிபெயர்ப்புச் செயலி கொட்டை என்று காட்டினால் அதை நம்பி ஆர்டர் செய்யாதீர்கள். ‘ப்லாந்ஃபாஷ்’ என்றால் மாடும் பன்றியும் கலந்த கொத்துக்கறி, இறைச்சி உருண்டை பல இடங்களில் இதில்தான். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் பன்றி தவிர்ப்பவர்களும் கட்டாயம் கேட்க வேண்டியது இது.

அம்மாவை அதற்கப்புறம் வெளியே சாப்பிடக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருக்கும்போது அந்த ஸ்வீடன்காரரே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: “யா ஏட்டெர் இன்டே ஷோத், ஃபிஸ்க் எல்லெர் எக்.” நான் இறைச்சி, மீன், முட்டை சாப்பிடுவதில்லை என்று அர்த்தம். அம்மா அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஹோதோரியெட் சதுக்கத்தில், நோபல் பரிசு வழங்கும் நீல நிறக் கச்சேரி மண்டபத்துக்கு எதிரே பழக்கடைகள் போட்டிருப்பார்கள். அந்தச் சதுக்கத்துக்குக் கீழே படியிறங்கினால் ஒரு உணவு மார்க்கெட். அங்கே ஃபலாஃபெல் விற்றவரிடம் அம்மாவே சீட்டை நீட்டினார். அவர் படித்தார், தலையாட்டினார், பொரிக்கிற சட்டியைக் காட்டி இதில் கொண்டைக்கடலை தவிர வேறெதுவும் போடுவதில்லை என்றார், கறி வைத்திருந்த பக்கத்தையும் தனியாகக் காட்டினார். கையுறையை மாற்றிக்கொண்டுதான் ரொட்டியைத் தொட்டார். அம்மா ஒரு உருண்டையைப் பிட்டு, நடுவில் பார்த்துவிட்டு, அப்பாவுக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டு, முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தார்.