ஷாங்காய் முதல் மாநாட்டு நினைவகம்: அந்த 18 சதுர மீட்டர் அறை

சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு 1921 ஜூலை 23 அன்று கூடிய வீடு, ஷாங்காயின் சிங்யே சாலையில் 76ஆம் எண். மெட்ரோ 10 அல்லது 13ஆம் தடத்தில் வந்து சின்தியன்தியில் இறங்கினால் பக்கம்தான். கட்டணம் இல்லை. திங்கட்கிழமை விடுமுறை. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வீசாட் (WeChat) செயலியில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஜூலை 1ஐ ஒட்டிப் போகாதீர்கள். அது கட்சி தொடங்கிய நாளாகக் கொண்டாடப்படுவதால் உறுதிமொழி எடுக்க வரும் குழுக்களின் நெரிசல் தாங்காது. மாநாடு தொடங்கிய சரியான தேதி 1938இல், கட்சியின் அப்போதைய தலைமையிடமான யெனானில் இருந்தவர்களுக்கு நினைவில் இல்லை. அதனால் மாதத்தின் முதல் நாளே நிலைத்துவிட்டது.

2021 ஜூனில் திறந்த புதிய காட்சிக்கூடத்தை முதலில் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். கூடத்தில் நின்று பார்க்க வேண்டியது ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’யின் முதல் முழுச் சீன மொழிபெயர்ப்பு. 1920 ஆகஸ்டில் சிவப்பு அட்டையில் வந்தபோது தலைப்பின் எழுத்துகள் இடம் மாறி அச்சாகிவிட்டன. செப்டம்பரில் நீல அட்டையோடு திருத்தி அச்சிட்டார்கள். இங்குள்ள செப்டம்பர் பிரதியை, கட்சி ஊழியர் ஒருவரின் தந்தை மகனுக்கென்று கட்டிய வெற்றுக் கல்லறைக்குள் ஒளித்துக் காப்பாற்றினார்.

வீட்டில் அந்த அறை 18 சதுர மீட்டர்தான். நடுவில் நீள மேசை, சுற்றிலும் முக்காலிகள். 50 சொச்சம் உறுப்பினர்களுக்காக 13 பேர் வந்தார்கள். ஜூலை 30 இரவு முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்ததும் கூட்டம் கலைந்தது. மாநாடு பிறகு ஜியாசிங் நகரின் ஏரியில் ஒரு படகில் முடிந்தது. அந்தப் பதின்மூவரில் 1949இல் மக்கள் சீனக் குடியரசு அறிவிக்கப்பட்டபோது பெய்ஜிங்கின் தியனன்மென் மேடையில் நின்றவர்கள் மாவோவும் தோங் பிவூவும் மட்டுமே. சென் கோங்போ ஜப்பானியரோடு சேர்ந்த குற்றத்துக்காக 1946இல் சுட்டுக் கொல்லப்பட்டார். லி தா 1966இல் கலாசாரப் புரட்சியின் வதைகளில் மாண்டார். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த மேசையை விட்டு நகரவே மனம் வராது.

குறை என்னவென்றால், கண்காட்சியின் பொருளே ‘தொடக்கம்’ என்பதால் கட்சியின் பொருளாதாரத் திருப்பங்கள் இங்கே விரியவில்லை. அந்த மாநாடு ஏற்ற 1921 திட்டம் இயந்திரம், நிலம், கட்டடம் எல்லாவற்றையும் பறிமுதல் செய்து பொதுவாக்கச் சொன்னது. வாசலுக்கு வெளியே, இந்த வீட்டைப் போன்ற கல்வாசல் வீடுகளைப் புதுப்பித்து ஒரு ஹாங்காங் நிறுவனம் உருவாக்கிய சின்தியன்தி கடைத்தெரு. நடுவில் நடந்ததை நாம்தான் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1956இல் ஷாங்காயின் தனியார் தொழில்கள் அரசு-தனியார் கூட்டு நிறுவனங்களாயின. முதலாளிகளுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி மட்டும் 1966 வரை கிடைத்தது. 1978 டிசம்பரில் பாதை சந்தைச் சீர்திருத்தத்தின் பக்கம் திரும்பியது. 1990இல் ஷாங்காய் பங்குச் சந்தை, 1992 மாநாட்டில் ‘சோஷலிச சந்தைப் பொருளாதாரம்’, 2002இல் தொழிலதிபர்களுக்கும் கட்சிக் கதவு.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, நிலத்தின் பயன்பாட்டு உரிமையை விற்க வழிவிட்ட 1988இன் அரசியல் சட்டத் திருத்தம். நகர நிலம் இன்றும் அரசுடையது. விற்பது பயன்பாட்டு உரிமையை மட்டும்: வணிகத்துக்கு 40 ஆண்டு, குடியிருப்புக்கு 70 ஆண்டு. கட்டடத்தையும் லாபத்தையும் விட்டுக்கொடுத்த கட்சி, மண்ணை விடவில்லை. சின்தியன்தியின் விலை உயர்ந்த கடைகளும் அந்தக் குத்தகை மண்ணில்தான் நிற்கின்றன.

நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். மாநாடு முடிந்த படகைப் பார்க்க ஆசைப்பட்டால் ஹோங்சியாவ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஜியாசிங் போய், அங்கே தெற்கு ஏரிக்குச் செல்லுங்கள். அங்கு நிற்பது அசல் படகு அல்ல, 1959இல் செய்த மாதிரி.