கோல்ஃப் ஸ்விங் பரிசோதனை: ஒன்றரை மணி நேரம், 4,500 ரூபாய்

"எழுந்திரிக்காதீங்க சார், குனிஞ்சே இருங்க." மூன்று வருடமாக என் கோச் சொல்லி வந்தது இதைத்தான். நானும் முயன்றுகொண்டே இருந்தேன். ஆனால் பந்தை அடிக்கக் கிளப் (கோல்ஃப் மட்டை) கீழே இறங்கும்போது இடுப்பு பந்தின் பக்கம் போய்விடும், உடம்பு நிமிர்ந்துவிடும். கைகளுக்கு இடம் இல்லாமல் பந்து வலப்பக்கம் போகும். அதற்குப் பயந்து அடுத்த அடியில் மணிக்கட்டைத் திருப்பினால் பந்து இடப்பக்கம் வளைந்து ஓடும், அதாவது ஹூக். பதினெட்டு ஹோல் கொண்ட முழு ஆட்டம் முடிந்தால் முதுகுவலி வேறு.

போன மாதம் சென்னையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். கலிபோர்னியாவில் 2003இல் தொடங்கப்பட்ட டைட்டிலிஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற கோல்ஃப் உடற்பயிற்சி நிறுவனத்தின் முறைப்படி பார்க்கிறார். கிளப்பை வீசும் ஸ்விங்கைப் பார்ப்பதற்கு முன்னால் உடம்பு. முதல் நாற்பது நிமிடம் கிளப்பைத் தொடவே விடவில்லை. ஒற்றைக் காலில் நிற்பது, உட்கார்ந்தபடி மார்பில் கோலை அணைத்துத் திரும்புவது, குனிந்து கால்விரலைத் தொடுவது எல்லாம் சுமாராகச் செய்துவிட்டேன்.

கோலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் குந்தச் சொன்னார். பாதி இறங்குவதற்குள் குதிகால் தரையை விட்டு எழும்பிவிட்டது. அவர் ஒரு சிறு பலகையை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்து, "இப்ப இறங்குங்க" என்றார். அடிவரை இறங்கிவிட்டேன்! அப்படியென்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளவில்லை, கணுக்கால்தான் மடங்கவில்லை; அடிக்கும்போது குனிந்தே இருக்க முடியாமல் போனதும் அதனால்தான். சின்ன வயதில் பம்புசெட் ஓரம் மணிக்கணக்கில் குத்தவைத்து உட்கார்ந்தவன் நான். மூன்று வருடம் "கவனம் போதாது" என்று என்னையே நொந்துகொண்டதை நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

அப்புறம் வீடியோ. நேர் எதிரே ஒரு கேமரா, இலக்கைப் பார்த்தபடி பின்னால் ஒன்று, நொடிக்கு 240 ஃபிரேம். பந்துக்கு முன் நிற்கும் நிலையில் என் பின்புறத்தை ஒட்டி ஒரு செங்குத்துக் கோடு போட்டார். கிளப் பந்தைத் தொடும் நொடியில் கோட்டுக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இப்படி இடுப்பு பந்தின் பக்கம் போய் உடம்பு நிமிர்வதைத்தான் எர்லி எக்ஸ்டென்ஷன் என்று சொல்கிறார்கள்.

குறை இருக்கிறது. மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது பின்பக்கக் கேமராவைக் கொஞ்சம் தள்ளி, உயரமாக வைத்திருந்தார்கள். கேமரா நகர்ந்தால் கிளப் வரும் பாதையே வேறாகத் தெரியும், பழைய படத்தோடு ஒப்பிட முடியாது. நான் சொன்ன பிறகுதான் திரும்ப எடுத்தார்கள். தரையில் டேப் ஒட்டி இடத்தைக் குறித்து வைக்க வேண்டாமா? 7-அயர்ன் என்ற நடுத்தரத் தூர மட்டையோடு மட்டும்தான் வீடியோ எடுத்தார்கள், டிரைவர் என்ற நெடுந்தூர மட்டையோடும் எடுத்திருக்கலாம்.

பயிற்சி எளிது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பாதத்தை வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். காலையும் மாலையும் இருபது தடவை. சரியான இடத்தில் வைத்து எடுத்த இரண்டாவது வீடியோவில் அந்த ஒரு சாண் பாதியாகக் குறைந்திருந்தது. அடுத்த மாதம் டிரைவரோடு போகிறேன்.